சொடக்கு விசாரணை

வெண்ணிலாவுக்குப் பத்து விரல்கள். இதில் கல்லூரி நிர்வாகத்துக்கு ஆட்சேபணை எதுவும் இருக்கவில்லை. சேர்க்கைப் படிவத்தில் உறவினர் விவரம், ரத்த வகை, அப்பா குடிப்பாரா என்பது வரை கேட்டிருந்தார்கள். விரல்களின் எண்ணிக்கையைக் கேட்கவில்லை. அந்த விரல்கள் சத்தம் போட்டதில்தான் சிக்கல் வந்தது.

டாக்டர் சம்பந்தம் பொறியியல் கல்லூரி, தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் போகும் சாலையில் இருக்கிறது. தாளாளர் சம்பந்தம் அதைக் கல்யாண மண்டபமாகத்தான் கட்ட ஆரம்பித்தார். கல்யாணத்துக்கு முகூர்த்த நாள் வேண்டும், இன்ஜினியரிங்குக்கு அது வேண்டியதில்லை என்று பாதியில் ஒரு நண்பர் எடுத்துச் சொன்னதால், கல்லூரியாக முடித்துவிட்டார். பெரிய மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஏறும் படியில் மாணவர்கள் ஏறினார்கள், பெண் வீட்டார் படியில் மாணவிகள் ஏறினார்கள். இரண்டு படிகளும் எங்கேயும் சந்திக்காததால் ஒழுக்கம் தானாகவே அமைந்துவிட்டது. பந்தி பரிமாற இருந்த கூடத்தில் தேர்வுகள் நடந்தன. மணமகள் அறை முதல்வர் அறையானது. கதவில் எழுதியிருந்த பழைய பெயரின் மேல் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஆனாலும் காலை வெயில் பட்டால் ‘மணமகள்’ என்று தெரியும். முதல்வர் யக்ஞநாராயணன் பதினோரு வருடமாக அதற்குள் போய்வருகிறார்.

தாளாளருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது ஒரு தீவிலுள்ள பல்கலைக்கழகம். அது எந்தக் கடலில் இருக்கிறது என்று கேட்கும் அளவுக்குப் பூகோளம் படித்தவர் யாரும் கல்லூரியில் இல்லை. பட்டம் வந்த நாளிலிருந்து அவருக்குக் கண் திருஷ்டி பயம் பிடித்துக்கொண்டது. வாசலில் அரக்கன் முகம், அதற்குக் கீழே பூசணிக்காய், அதற்கும் கீழே தலைகீழாகத் தொங்கும் கற்றாழை என்று மூன்றடுக்குப் பாதுகாப்பு போட்டிருந்தார். ஆய்வுக்கு வந்த அதிகாரிகள், ஆய்வகத்தில் இருந்ததைவிட வாசலில் அதிகப் பொருட்கள் இருப்பதாக எழுதிவிட்டுப் போனார்கள்.

வெண்ணிலா நீலாங்கரைக் குப்பத்துப் பெண், எலக்ட்ரானிக்ஸ் கடைசி வருடம். அவள் அம்மா கன்னியம்மா செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் தெருக்களில் கூடை எடுத்து மீன் விற்பவள். காலையில் அம்மாவோடு உட்கார்ந்து இறால் உரித்துக் கொடுத்துவிட்டுத்தான் வெண்ணிலா காலேஜ் பஸ் பிடிப்பாள். விரல்கள் மரத்துப்போகும். பஸ்ஸில் உட்கார்ந்ததும் வலது கட்டை விரலில் ஆரம்பித்து இடது சுண்டு விரல் வரை ஒவ்வொன்றாகச் சொடக்கு எடுப்பாள். அப்புறம் கழுத்தை இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு. ஷூவுக்குள் கால்விரலை மடக்கி இன்னும் நாலைந்து. படிக்கும்போதும் இப்படித்தான், பயந்தாலும் இப்படித்தான். ஒரு தடவை எடுத்து முடித்ததும் மறுபடி எடுக்க வேண்டும் போலக் குறுகுறுக்கும்.

“இன்னாடி எப்பப் பாத்தாலும் வெறகு ஒடிச்சிகினு கீற” என்பாள் கன்னியம்மா. “பொட்டப்புள்ள சொடக்கு எடுக்கக் கூடாது. வூட்டுக்கு ஆவாது.”

நாவலூரில் ஒரு கம்பெனி அவளைக் கேம்பஸில் எடுத்திருந்தது. ஜூலையில் சேர வேண்டும். ஒரே நிபந்தனை, கடைசி செமஸ்டரை ஒரு பேப்பர்கூட விடாமல் எழுதி முடித்திருக்க வேண்டும். குப்பத்திலிருந்து கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு ஆபீஸ் போகப்போகும் முதல் ஆள் அவள்தான். அந்த வேலைக் கடிதத்தை கன்னியம்மா பிளாஸ்டிக் கவரில் போட்டு அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள்.

தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது மாடல் எக்ஸாம் நடந்தது. மேற்பார்வைக்கு வந்தவர் உடற்கல்வி இயக்குநர் துரைராஜ். கல்லூரியில் விளையாட்டு மைதானம் கிடையாது. மண்டபத்துக்கு கார் நிறுத்த விட்ட இடம்தான் உண்டு. அங்கே காலேஜ் பஸ்கள் நிற்பதால் துரைராஜுக்கு ஒழுங்கு நடவடிக்கைப் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள். கழுத்தில் விசில் மட்டும் பழைய வேலையின் ஞாபகமாகத் தொங்கியது.

கூடத்தில் மின்விசிறிச் சத்தம்கூட இல்லை, கரண்ட் போயிருந்தது. வெண்ணிலா கேள்வித்தாளைப் படித்தாள், பேனாவைக் கீழே வைத்தாள், பத்து விரலிலும் சொடக்கு எடுத்தாள். ஆண்கள் பக்கம் மெக்கானிக்கல் விக்கி, தூக்கம் கலைந்து கழுத்தை இரண்டு தடவை திருப்பினான். துரைராஜ் விசில் ஊதினார்.

அவருடைய அறிக்கை மறுநாள் காலை மணமகள் அறைக்குப் போனது. “மேற்படி மாணவி 10.42 மணிக்குப் பத்து ஒலிகளை எழுப்பினார். 10.43 மணிக்கு ஆண்கள் பகுதியிலிருந்து இரண்டு ஒலிகள் பதிலாக வந்தன. கேள்வித்தாளில் சிறு கேள்விகள் பத்து. மாணவியின் விரல்களும் பத்து. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இரண்டு. பதில் ஒலிகளும் இரண்டு. இதைத் தற்செயல் என்று நம்ப நான் தயாரில்லை.”

வெண்ணிலாவின் புராஜெக்ட் கைடு ஜாஸ்மின் மேடம் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிப் பார்த்தார். இருவரும் வேறு வேறு டிபார்ட்மென்ட், வேறு வேறு கேள்வித்தாள்.

“அதுதான் மேடம் ஆபத்து” என்றார் துரைராஜ். “வேற பேப்பருக்கே பதில் சொல்றாங்கன்னா, ஒரே பேப்பரா இருந்தா என்ன செய்வாங்க?”

வெண்ணிலாவின் ஹால் டிக்கெட் நிறுத்திவைக்கப்பட்டது. விக்கி மன்னிப்புக் கடிதம் கொடுத்து வெளியே வந்துவிட்டான். அவனுடைய மாமா கவுன்சிலர், அதோடு கழுத்து என்பது ஒன்றே ஒன்றுதான்.

அன்று மாலையே சுற்றறிக்கை ஒட்டினார்கள். விரல், மணிக்கட்டு, முழங்கை, கழுத்து, முதுகு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூட்டுகளிலிருந்து வேண்டுமென்றோ வேண்டாமலோ ஒலி எழுப்புவது வளாகத்துக்குள் தடை செய்யப்படுகிறது. பிறவியிலேயே ஒலி எழுப்பும் மூட்டு உள்ளவர்கள் மருத்துவச் சான்றிதழும், அந்த மூட்டின் இரண்டு பாஸ்போர்ட் சைஸ் புகைப்படங்களும் கொடுத்து விலக்கு பெறலாம்.

இந்தச் சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு முதல்வர் யக்ஞநாராயணன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய முழங்கால்கள் இரண்டும் சத்தம் போட்டன. எதிரே துரைராஜ் நின்றிருந்தார். அன்றிலிருந்து முதல்வர் உட்காருவதை விட்டுவிட்டார். முதல்வர் நிற்கும்போது மற்றவர்கள் உட்கார முடியாதாகையால் துறைத் தலைவர்களும் நின்றார்கள். மூன்று மணி நேரக் கூட்டங்கள் முக்கால் மணியில் முடிந்தன. இது சுற்றறிக்கையின் முதல் வெற்றி என்று ஆண்டறிக்கையில் சேர்த்துக்கொண்டார்கள்.

அடுத்து, காதால் கேட்டு எழுதியதை மேல்முறையீட்டில் மறுக்க முடியும் என்று துரைராஜுக்குத் தோன்றியது. சொடக்கு கண்டறியும் கருவி ஒன்றைச் செய்துதரும்படி எலக்ட்ரானிக்ஸ் துறைக்கு உத்தரவு வந்தது. ஜாஸ்மின் மேடம் ஒரு மைக்கையும் ஒரு சிவப்பு விளக்கையும் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். அது சொடக்குக்கு எரிந்தது. டிபன் பாக்ஸ் திறந்தாலும் எரிந்தது. சொடக்கை மட்டும் அடையாளம் கண்டுகொள்ள அதைப் பழக்க வேண்டும். அதற்கு நிறைய சொடக்கு வேண்டும். கல்லூரியில் அந்தத் திறமை நிரூபணமான ஒரே மாணவியை அழைத்தார்கள்.

வெண்ணிலா மூன்று நாள் லேபில் உட்கார்ந்து மைக்குக்கு முன்னால் சொடக்கு எடுத்தாள். நாலு நாள் போனால் பரீட்சை. ஹால் டிக்கெட் கிடைக்குமா என்று கேட்டால் “முதல்ல ஒத்துழைப்பு கொடு” என்றார்கள். ஆகவே ஒத்துழைத்தாள். அங்கேதான் ஒன்றைக் கவனித்தாள். ஒரு தடவை எடுத்த விரலில் மறுபடி சொடக்கு விழ இருபது நிமிடம் ஆகிறது. அதற்கு முன்னால் என்ன இழுத்தாலும் விழாது. இதைக் கருவியின் அறிக்கையில் பன்னிரண்டாம் பக்கத்தில் எழுதினாள். முதல்வர் நின்றபடியே எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லை.

லேப் வாசலில் மூட்டு ஒலிப் பதிவேடு வைத்திருந்தார்கள். அதன் பொறுப்பில் இருந்த அட்டெண்டர் நேர்மையானவர். மூன்று நாளில் வெண்ணிலா எடுத்த இருநூற்றுப் பத்து சொடக்கையும் ஒன்று விடாமல் பதிந்திருந்தார். ‘தொடர் குற்றவாளி, எச்சரிக்கைக்குப் பின்னும் திருந்தவில்லை, லேபிலும் எழுப்பினார்’ என்று துரைராஜ் கோப்பில் சேர்த்தார். பெற்றோரை அழைத்து வரச் சொன்னார்கள்.

அந்த ராத்திரி வெண்ணிலாவால் படிக்க முடியவில்லை. கையை முழங்காலுக்குக் கீழே போட்டு அமுக்கிக்கொண்டாள். விரல்கள் குறுகுறுத்தன. எடுத்தால் ஏதோ ஆகிவிடும் என்று வீட்டிலும் பயமாக இருந்தது. நாலு வருடம் காலேஜில் கற்றுக்கொண்டதிலேயே மனதில் நன்றாகப் பதிந்தது இந்தப் பயம்தான்.

மறுநாள் பத்தே முக்காலுக்கு கன்னியம்மா வந்தாள். மீனை விற்று முடித்து, யாரோ ஒரு வாடிக்கை வீட்டில் கை கால் கழுவி, பையில் கொண்டுவந்த நல்ல புடவையைக் கட்டியிருந்தாள். காலிக் கூடையைப் பூசணிக்காய்க்குக் கீழே வைத்துவிட்டு உள்ளே போகச் சொன்னார் வாட்ச்மேன்.

மணமகள் அறையில் ஏழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். தாளாளர் சம்பந்தம் மட்டும் உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் கருவி இருந்தது. கன்னியம்மா எல்லோரையும் கும்பிட்டாள்.

“எம் பொண்ணு இன்னா சார் தப்பு பண்ணிச்சு?”

“விரல்ல சொடக்கு எடுத்துச்சும்மா” என்றார் முதல்வர்.

“அப்பால?”

“அவ்வளவுதான்.”

கன்னியம்மா மகளைப் பார்த்தாள், பிறகு முதல்வரைப் பார்த்தாள். “நானும் சொல்லிகினுதான் கீறேன் சார், எடுக்காதடின்னு. திட்டிக்கீறேன். கை மேல ரெண்டு போட்டும்கீறேன். அத்தொட்டு சோறு போடாம வுட்டதில்ல சார். நீங்க பரீச்சையே எழுதக் கூடாதுன்றீங்க.”

தாளாளர் கையை உயர்த்தினார். எல்லோரும் நிமிர்ந்து நின்றார்கள்.

“அம்மா, நான் எட்டாவது வரைக்கும் படிச்சவன். ஆனா எண்ணூறு இன்ஜினியரை உருவாக்கியிருக்கேன். எப்படி? டிசிப்ளின். சைலன்ஸ். இந்தக் காலேஜ்ல வாத்தியார் சத்தம் போட்டதில்ல. லேப்ல ஒரு மெஷின்கூட சத்தம் போட்டதில்ல. வாங்கி அஞ்சு வருஷம் ஆச்சு, இன்னும் அட்டைப்பெட்டிக்குள்ளேயே புதுசா இருக்கு. வேற எந்தக் காலேஜ்லயாவது இப்படி மெஷினைப் பாதுகாக்கறாங்களா? லைப்ரரியில புக்கு பக்கம் புரட்டற சத்தம் கேட்டிருக்கீங்களா? கேக்காது. பூட்டி வச்சிருக்கோம். அப்படிக் கட்டிக் காத்த இடத்துல, உங்க பொண்ணு விரல்ல இருந்து சத்தம் வருது. இன்னைக்கு விரல் பேசும். நாளைக்கு வாய் பேசும். வாய் பேச ஆரம்பிச்சா கேள்வி வரும். அப்புறம் நாங்க எங்க போறது?”

“கரெக்ட் சார்” என்றார் துரைராஜ்.

கன்னியம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், எட்டு ஆண்பிள்ளைகள் தன் மகளை இமைக்காமல் பார்க்கிறார்கள் என்பதுதான். வெண்ணிலா எட்டு நாளில் இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, களவு கொடுத்தவள் களவாணி போல நின்றிருந்தாள். கன்னியம்மாவுக்கு வயிறு எரிந்தது.

“இப்பிடி வாடி” என்றாள். இரண்டு கைகளாலும் மகளின் நெற்றியிலிருந்து கன்னம் வரைக்கும் வழித்தாள். வழித்த கைகளைத் தன் பொட்டில் வைத்து விரல்களை மடக்கி அழுத்தினாள். பத்து விரலும் படபடவென்று முறிந்தன.

மேஜை மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. பழக்கதோஷத்தில் துரைராஜ் விசில் ஊதினார்.

“பாத்தியா” என்றாள் கன்னியம்மா. “பத்தும் வுழுந்துட்ச்சு. அம்மாம் பேரு கண்ணு எம் பொண்ணு மேல.”

விசாரணைக் குழு முன்னிலையிலேயே, குழுவின் கருவியிலேயே குற்றம் பதிவாகியிருந்தது. இதற்கு எந்தப் பிரிவில் நடவடிக்கை எடுப்பது என்று முதல்வர் சுற்றறிக்கையைப் புரட்டினார். ஆனால் தாளாளர் எழுந்து நின்றுவிட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை.

“பத்தா?” என்றார்.

“ஆமா சார்.”

“சாதாரணப் பொண்ணு ஒருத்திக்கே பத்து விழுதுன்னா, எனக்கு எத்தனை விழணும்” என்று அவர் குழுவைப் பார்த்தார். குழு மரியாதையாகத் தலையாட்டியது. “அம்மா, நமக்கும் ஒருக்கா கழிச்சு விடுங்க. பூசணிக்காயை எல்லாம் நம்ப முடியல. சரியாச் செய்யறாளான்னு எண்ணுங்க துரைராஜ்.”

கன்னியம்மா தயங்கினாள். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தாளாளரின் பௌடர் போட்ட முகத்தை நெற்றியிலிருந்து வழித்து, பொட்டில் வைத்து அழுத்தினாள். ஒன்றும் விழவில்லை. இன்னொரு தடவை அழுத்தினாள். விளக்கு எரியவில்லை. துரைராஜ் கருவியைத் தட்டிப் பார்த்தார், தட்டியதற்கு எரிந்தது. கருவி சரியாகத்தான் இருந்தது.

“என்னம்மா?” என்றார் தாளாளர்.

“இல்ல சார்” என்றாள் கன்னியம்மா. சங்கடமாகத்தான் சொன்னாள். “உங்க மேல ஒருத்தர் கண்ணும் படல.”

முதல்வர் ஆறுதலாக ஏதோ சொல்ல நினைத்து, கால் மாற்றி நின்றார். முழங்கால் சத்தம் போட்டது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

“ஒருத்தன்கூடவா?” தாளாளரின் குரல் இறங்கியிருந்தது. “ஜி.எஸ்.டி. ரோடு பூரா காலேஜ் வச்சிருக்கானுங்க. மூணு மாடி கட்டியிருக்கேன். டாக்டர் பட்டம் வாங்கியிருக்கேன். ஒருத்தனுக்குக்கூட வயித்தெரிச்சல் இல்லையா?”

வெண்ணிலா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று பத்து. பன்னிரண்டாம் பக்கத்தில் எழுதிய இருபது நிமிடம் ஞாபகம் வந்தது. எட்டு நாளில் முதல் தடவையாக அவளுக்குப் பயம் விட்டது.

“சார்” என்றாள். “அம்மாவுக்கு மனசு சரியில்ல. மனசு குளிர்ந்தாத்தான் சார் விழும். ஹால் டிக்கெட் கைக்கு வந்துட்டா விழும்.”

துரைராஜ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். “நீ போய் வாங்கிட்டு வாய்யா” என்றார் தாளாளர்.

அந்தக் கல்லூரியில் ஹால் டிக்கெட் வாங்க லைப்ரரி, லேப், பஸ், கேன்டீன் என்று நாலு இடத்தில் கையெழுத்து வேண்டும். மூன்று நாளுக்குக் குறைந்து யாரும் வாங்கியதில்லை. துரைராஜ் விசிலை ஊதிக்கொண்டே மாப்பிள்ளை வீட்டுப் படியில் ஏறி இறங்கி, பெண் வீட்டுப் படியிலும் ஏறி இறங்கி, பதினொன்று இருபத்தி நாலுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அவ்வளவு ஓடியது அவர் சேர்ந்த நாளிலிருந்து அன்றுதான்.

இருபது நிமிடம் இன்னும் ஆகவில்லை. வெண்ணிலா ஹால் டிக்கெட்டை நிதானமாகப் படித்தாள். பேர், பதிவெண், தேதி, ஒவ்வொரு பாடத்தின் கோட் நம்பர். போட்டோவை உற்றுப் பார்த்தாள். “சார், சீல் வைக்கல” என்றாள். சீல் இருந்தது, இங்க் பேட் காய்ந்திருந்தது. பேட் தேடினார்கள். ஒருவர் எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தார், பதியவில்லை. பக்கத்து அறையிலிருந்து வேறு பேட் வந்து, சீல் விழும்போது பதினொன்று இருபத்தி ஒன்பது.

“தண்ணி குடிம்மா, அப்புறம் செய்” என்றாள் அம்மாவிடம். கன்னியம்மா குடித்தாள். வெண்ணிலா ஹால் டிக்கெட்டை நாலாக மடித்துக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

கன்னியம்மா மறுபடி தாளாளரின் முகத்தை வழித்தாள். பொட்டில் வைத்து ஒவ்வொரு விரலாக அழுத்தினாள். வலது கையில் ஒன்றும் இல்லை. இடது கையில் கட்டை விரல் இல்லை, ஆள்காட்டி விரல் இல்லை, நடுவிரல் இல்லை, மோதிர விரலும் இல்லை. கடைசியில் சுண்டு விரல், டக்கென்று, அறை முழுக்கக் கேட்கும்படி முறிந்தது. விளக்கு எரிந்தது.

“ஒண்ணு” என்று துரைராஜ் பதிவேட்டில் எழுதினார்.

தாளாளர் முகம் மலர்ந்துவிட்டது. “இருக்கான். ஒருத்தன் இருக்கான். குரோம்பேட்டைக் காலேஜ்காரனாத்தான் இருக்கும், எனக்கு அப்பவே தெரியும். யோவ், காம்பவுண்டு சுவரை இன்னும் மூணு அடி ஏத்திக் கட்டச் சொல்லு. ஒரு பய வெளியிலருந்து உள்ள பாக்கக் கூடாது.” பிறகு குழுவிடம் திரும்பி, இனிமேல் வெள்ளிக்கிழமைதோறும் பெற்றோரை வரவழைத்துத் தமக்குத் திருஷ்டி கழிக்க வேண்டும், எண்ணிக்கையைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், கூடுதலாக விழவைக்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு இன்டர்னல் மார்க்கில் சலுகை தரலாம் என்று சொல்லிக்கொண்டே போனார். முதல்வர் நின்றபடியே குறிப்பெடுத்தார்.

அம்மாவும் மகளும் வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். கன்னியம்மா காலிக் கூடையை இடுப்பில் வைத்திருந்தாள். வெண்ணிலா ஹால் டிக்கெட்டைப் பிரித்துப் பார்த்தாள், மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

“அந்தாளைப் பார்த்து யாரும்மா பொறாமைப்படப் போறாங்க” என்றாள். பன்னிரண்டாம் பக்கத்தைப் பற்றிச் சொல்லவில்லை. “எப்படி ஒண்ணு விழுந்துது?”

கன்னியம்மா சாலைக்கு அந்தப் பக்கம், கல்லூரிச் சுவரைப் பார்த்தாள். “எங் கண்ணுதான்டி அது.”

“உன் கண்ணா?”

“நாலு வருசமா டெய்லி இந்த ரோட்லதான கூடையத் தூக்கினு போறேன். செவுத்துக்கு மேல எட்டிப் பாத்துகினே போவேன். இதுக்குள்ளதான் எம் பொண்ணு குந்திகினு படிக்குதுன்னு. நமக்குன்னு ஒண்ணு இப்படி இருந்தா எப்பிடி இருக்கும்னு ஏக்கமாக் கீது. அந்தக் கண்ணுதான் அந்தாளு மேல பட்டுக்கீது, பாவம்.” கூடையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். “இனிமே பாக்க முடியாது. மூணு அடி ஏத்துறானாமே.”

வெண்ணிலா ஹால் டிக்கெட்டை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, வலது கட்டை விரலில் ஆரம்பித்தாள். முதல் நாள் ராத்திரியிலிருந்து அடக்கி வைத்திருந்தது, நடுத்தெருவில் பத்தும் விழுந்தன. கழுத்தை இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு.

கன்னியம்மா திட்டக் கையை ஓங்கினாள். கையில் ஹால் டிக்கெட் இருந்ததால், கசங்கிவிடும் என்று இறக்கிக்கொண்டாள்.